அரபிக் குதிரையும் கயிறு தளரும் நொடியும்: வாசகர் கேள்வி – பதில்

அரபிக் குதிரைகளைப் பற்றிக் கேட்டு எழுதுங்கள் என்று சென்ற இதழில் சொல்லியிருந்தோம். அல்சூர், சிவாஜி நகர், எலகங்கா, ஒயிட்ஃபீல்டு என்று பெங்களூருவின் நாலா பக்கமிருந்தும் கடிதங்கள் வந்தன. குதிரை பழக்குபவர்களும் கால்நடை மருத்துவரும் கலந்து பேசி எழுதிய பதில்கள் இவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: என் தகப்பனார் நாற்பது வருடம் லாயத்தில் சைஸாக (குதிரைகளைப் பராமரிப்பவராக) இருந்தவர். “அரபிப் பெட்டைக் குதிரை பச்சைக் குழந்தை மாதிரி, பேர் சொன்னால் வந்து தோளில் தலை வைக்கும்” என்பார். ஆனால் “குதிரை குணமறிந்தல்லவோ தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை” என்றும் பழமொழி இருக்கிறதே. அந்தச் சாதுத்தனம் பிறவியா, பழக்கமா? – வாசகி, அல்சூர்

பதில்: உங்கள் அப்பா சொன்னதில் மிகை எதுவும் இல்லை. பாலைவனத்துப் பதூயின் மக்கள் போருக்கும் பயணத்துக்கும் பெட்டைக் குதிரைகளையே விரும்பினார்கள். அவற்றைக் கூடாரத்தை ஒட்டியே கட்டினார்கள். புல் இல்லாத காலத்தில் ஒட்டகப் பாலும் பேரீச்சம்பழமும் கொடுத்தார்கள். பெண்களும் குழந்தைகளும் புழங்கும் இடத்தில் கடிக்கிற, உதைக்கிற குதிரைக்கு இடம் கிடையாது. அப்படிப்பட்டதிலிருந்து குட்டி எடுக்கவும் மாட்டார்கள். பல நூற்றாண்டு இப்படிப் பொறுக்கியெடுத்ததால் மனிதரோடு ஒட்டும் குணம் அந்த இனத்தில் ஊறிவிட்டது.

ஆனால் அது பாதிதான். அரபி மிக வேகமாகக் கற்றுக்கொள்ளும் குதிரை. சரியானதை எவ்வளவு வேகமாகக் கற்கிறதோ, தப்பானதையும் அவ்வளவு வேகமாகக் கற்கும். பழக்குவதன் சூட்சுமம் முழுவதும் ஒரே இடத்தில் இருக்கிறது: கயிறு எந்த நொடியில் தளர்கிறது என்பது. முன்னால் வா என்று கயிற்றை லேசாக இறுக்குகிறீர்கள். குதிரை உடனே அடி எடுத்து வைக்காது. முதலில் உடம்பின் பாரத்தை ஒரு விரற்கடை முன்னால் சாய்க்கும். அந்தச் சாய்வு தெரிந்த நொடியே கயிறு தளர வேண்டும். “இதைத்தான் கேட்டார்கள்” என்று அதற்குப் புரிந்துவிடும். மூன்று நொடி தாமதித்தால், அதற்குள் அது தலையைத் தூக்கியிருக்கலாம், பக்கவாட்டில் நகர்ந்திருக்கலாம். அப்போது தளர்த்தினால் அந்தத் தலைத்தூக்கலைத்தான் கற்றுக்கொடுத்தவர்கள் ஆவீர்கள். குதிரை தலையை உதறியதும் பயந்து கயிற்றை விட்டுவிடுகிறவர்கள், உதறினால் விடுதலை என்று தினமும் பாடம் நடத்துகிறார்கள். இரண்டே வாரத்தில் அது முரட்டுக் குதிரை என்று பேர் வாங்கிவிடும். பழமொழி பழிக்கிற குணத்தில் பெரும்பங்கு இப்படிக் கையிலிருந்து போனது.

தோளில் தலை வைப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. குதிரையின் தலையும் கழுத்தும் சேர்ந்தால் 40 கிலோ இருக்கும். பெரியவர்களிடம் அது செல்லம். ஆறு வயதுப் பிள்ளையிடம் அது விபத்து. தலை நம்மைத் தேடி வருவதை விட, நாம் போய்க் கழுத்தின் அடியில், பிடரி மயிர் முடியும் இடத்தில் சொறிந்துவிடுவது நல்லது. குதிரைகள் ஒன்றையொன்று சொறிந்துகொள்வதும் அங்கேதான்.

கேள்வி: எங்கள் பண்ணையில் மூன்று வயது அரபி ஆண் குட்டி இருக்கிறது. சுமார் 380 கிலோ. தெரிந்தவர்கள் “இப்போதே ஏறிவிட வேண்டும், விட்டால் அடங்காது” என்கிறார்கள். ஏறலாமா? எப்படித் தொடங்குவது? – வாசகர், எலகங்கா

பதில்: அவசரம் வேண்டாம். எந்தக் குதிரைக்கும் எலும்பு மெதுவாகத்தான் முதிரும். கால் எலும்புகளின் வளர்ச்சித் தட்டுகள் இரண்டரை, மூன்று வயதில் மூடினாலும், முதுகெலும்பில் அவை மூட ஐந்தரை, ஆறு வயதாகும். மூன்றரை வயதில் மெல்லிய பாரம் ஏற்றிப் பழக்கத் தொடங்கலாம். நான்கு முடியும்வரை நடையும் டிராட்டும் (மெல்லோட்டமும்) போதும். ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. உங்கள் குட்டிக்கு அது 76 கிலோ. இளம் முதுகுக்கு இன்னும் பத்து கிலோ குறைவது உத்தமம்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு வாரம் தரையிலேயே வேலை: பக்கத்தில் நடப்பது, நிற்பது, இரண்டடி பின்வாங்குவது, விலாவுக்குப் பின்னால் விரல் வைத்தால் பின்பாகத்தை ஒதுக்குவது. ஒரு நாளைக்கு 15 நிமிடம் போதும். கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், மடித்துப் பிடியுங்கள். சுற்றிய கயிறு இறுகி விரலை இழந்தவர்கள் உண்டு.

அடுத்த மூன்று வாரம் லஞ்சிங், அதாவது நீண்ட கயிற்றில் பிடித்துக் குட்டியை நம்மைச் சுற்றி வட்டமாகப் போகவிடுவது. கயிறு ஒன்பது முதல் பத்து மீட்டர், வட்டத்தின் விட்டம் குறைந்தது 18 மீட்டர். சின்ன வட்டத்தில் சுற்றவிட்டால் இளங்குட்டியின் முழங்காலும் கணுவும் வீங்கும். மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை திசை மாற்றி, மொத்தம் 20 நிமிடத்தில் முடித்துவிடுங்கள், வாரத்துக்கு மூன்று நாள். குட்டியைக் களைப்பாக்கி அடக்குவதற்கு லஞ்சிங்கைப் பயன்படுத்துவது பெரிய தவறு. அரபிக்கு மூச்சுத் திறன் அபாரம். ஓட ஓட அது இன்னும் வலுவாகிக்கொண்டே போகும், களைப்பது நீங்கள்தான்.

ஆறாவது வாரம் சேணம். முதலில் விரிப்பை மட்டும் முதுகில் வைத்து எடுங்கள், இருபுறமிருந்தும். பிறகு சேணம், அங்கவடி இல்லாமல். வயிற்றுப் பட்டியை ஒரே மூச்சில் இறுக்காதீர்கள்: ஒரு துளை, பத்தடி நடை, இன்னொரு துளை, பத்தடி நடை, மூன்றாவது துளை. சட்டென்று இறுக்கப்பட்ட குட்டி முதுகை வளைத்துத் துள்ளும். அந்தப் பயம் வருடக்கணக்கில் போகாது.

இரண்டு வாரம் அப்படியே நடக்கவிட்டு, மூன்றரை வயதும் ஆனபின், எடை குறைந்த ஒருவர் சேணத்தின் மேல் வயிற்றைச் சாய்த்துக் குறுக்கே தொங்கட்டும். ஒருவர் தலைப்பக்கம் நிற்க வேண்டும். பத்து நொடி, இறங்கு. மறுபுறம், பத்து நொடி, இறங்கு. குட்டியின் காது தளர்ந்து, வாயை மெல்லுவதைப் பார்த்தபின் காலைத் தாண்டிப் போடுங்கள். முதல் நாள் இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் போதும். அடுத்த சில நாள் கீழே இருப்பவர் நடத்திப்போக, மேலே இருப்பவர் பாரமாக மட்டும் இருக்க வேண்டும்.

அரபிகளில் அடிக்கடி கெட்டுப்போவது தலையின் நிலை. கடிவாளத்தில் கை கனத்தால் அது தலையை வானத்துக்குத் தூக்கி முதுகைக் குழித்துக்கொள்ளும். அதை அடக்கத் தலையைக் கீழே இழுத்துக் கட்டும் வார்களைப் பலரும் மாட்டுகிறார்கள். வார் தலையைக் கட்டிவைக்கும், அவ்வளவுதான். முதுகு குழிந்தே இருக்கும். முதலில் பல்லைப் பாருங்கள். மூன்று வயதில் முன்கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் ஓநாய்ப் பல் என்கிற சின்னப் பல் இருந்தால் கடிவாளம் அதில் இடிக்கும். மருத்துவர் அதை எடுத்துவிடுவார். பிறகு கையை இலேசாக்கி, நீண்ட கயிற்றில் நேர்க்கோட்டில் நடக்கவிடுங்கள்.

இன்னொன்று: சரியாகச் செய்ததை மூன்று முறைக்கு மேல் கேட்காதீர்கள். நான்காவது முறை கேட்டால் “முந்தையது தப்போ” என்று நினைத்து அரபி வேறு எதையாவது செய்து பார்க்கும். புத்தி கூடிய குதிரையைத் தாறுமாறாக்குவது இந்த நான்காவது முறைதான்.

கேள்வி: காது நுனி இரண்டும் ஒன்றையொன்று தொட்டால் அசல் அரபி என்று விற்பவர் சொன்னார். உண்மையா? – வாசகர், சிவாஜி நகர்

பதில்: இல்லை. காது நுனி தொட்டுக்கொள்வது மார்வாரி, கத்தியவாரி இனங்களின் அடையாளம். அவையும் அருமையான குதிரைகள், ஆனால் அரபி அல்ல. அரபியின் காது சிறியது, நுனி லேசாக உள்வளையும், தொடாது. குழிந்த மூக்குத் தண்டு, அகன்ற நெற்றி, பெரிய கண், உயர்த்திப் பிடித்த வால், குட்டை முதுகு. உயரம் பெரும்பாலும் 14.1 முதல் 15.1 கை. ஒரு கை என்பது நான்கு அங்குலம், புள்ளிக்குப் பின்னால் இருப்பது மிச்ச அங்குலம். ஆனாலும் தோற்றத்தை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். பெற்றோரை மரபணுச் சோதனையில் உறுதி செய்த பதிவுச் சான்றிதழ், அதில் உள்ள எண்ணோடு பொருந்தும் மைக்ரோசிப், இரண்டும் இருந்தால்தான் அசல்.

கேள்வி: எங்கள் குதிரைக்குத் தினமும் நேப்பியர் புல், மூன்று கிலோ கோதுமைத் தவிடு, அவித்த கொள்ளு கொடுக்கிறோம். இரண்டு மாதமாக ஒரு நாள் முன்காலிலும் இன்னொரு நாள் பின்காலிலும் நொண்டுகிறது. முகத்தின் இருபுறமும் கெட்டியாகப் புடைத்தது போல் தெரிகிறது. – வாசகி, சர்ஜாபூர் சாலை

பதில்: உடனே மருத்துவரை அழையுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கால்சியம் பற்றாக்குறையால் வரும் ‘பெருந்தலை நோய்’ என்று சந்தேகிக்க எல்லாக் காரணமும் இருக்கிறது. கோதுமைத் தவிட்டில் ஒரு பங்கு கால்சியத்துக்கு எட்டு, ஒன்பது பங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. குதிரைக்கு வேண்டியது நேர் எதிர்: ஒரு பங்கு பாஸ்பரஸுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு கால்சியம். போதாததற்கு நேப்பியர் புல்லில் உள்ள ஆக்சலேட் இருக்கிற கால்சியத்தையும் கட்டிப்போட்டுவிடும். இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து அதை உருவும். முகத்து எலும்பு மெலிந்து, அந்த இடத்தில் நார்த் திசு வளர்வதுதான் நீங்கள் பார்க்கிற புடைப்பு. மாடு நேப்பியரைத் தின்று நன்றாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள்; மாட்டின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டை உடைத்துவிடும். குதிரையில் அது நடக்காது.

தவிட்டை ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள். நேப்பியருக்குப் பதில் ரோட்ஸ் புல்லோ ஓட்ஸ் வைக்கோலோ கொடுங்கள். கூடவே குதிரைமசால், காய்ந்ததாக ஒன்றரை கிலோ. கால்சியம் நிறைந்த தீவனம் அது. கால்சியம் கார்பனேட் பொடி எவ்வளவு சேர்ப்பது என்பதை இரத்தச் சோதனைக்குப் பின் மருத்துவர் சொல்வார். புடைப்பு முழுதாக வடியாமல் போகலாம். நொண்டுவது சில மாதத்தில் குறையும். அதுவரை ஏற வேண்டாம், எலும்பு பலமிழந்திருக்கிறது.

கொள்ளு நல்லதுதான். நாளைக்கு அரை கிலோ, அவித்து, ஆறியதும் அப்போதே கொடுத்துவிட வேண்டும். காலையில் அவித்ததை மாலைக்கு வைத்தால் புளித்து வயிற்று வலியில் கொண்டுபோய் விடும். மொத்தக் கணக்கு இது: 400 கிலோ குதிரைக்கு எட்டு கிலோ வரை காய்ந்த புல், 25 முதல் 40 லிட்டர் தண்ணீர், 30 கிராம் உப்பு. தானியம் ஒரு வேளைக்கு ஒன்றரை கிலோவைத் தாண்டவே கூடாது. தாண்டினால் மாவுச்சத்து சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். அங்கிருந்து வயிற்று வலி, அதோடு குளம்புக்குள் வீக்கம். 13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்குக் கடல்வழி வந்த குதிரைகளுக்குச் சோற்றோடு இறைச்சி வேகவைத்துக் கொடுத்தார்கள், அவை பெருமளவில் செத்தன என்று மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். அத்தனை பொன் கொடுத்து வாங்கியவை. தீவனம் தெரியாமல் போன உயிர்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

கேள்வி: ஜான்சன் மார்க்கெட் பக்கத்தை ‘அரப் லைன்ஸ்’ என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். குதிரைக்கும் அதற்கும் தொடர்பு உண்டா? – வாசகர், ஆஸ்டின் டவுன்

பதில்: உண்டு. 1824-இல் பாரசீகத்தின் ஷிராஸ் நகரிலிருந்து ஆகா அலி அஸ்கர் என்ற வணிகர் குதிரைகளோடு பெங்களூருக்கு வந்தார். அவருடைய லாயங்கள் இருந்த இடம்தான் அது. அலி அஸ்கர் சாலையும் அவர் பேரில்தான். மைசூர் திவானாக இருந்த சர் மிர்சா இஸ்மாயில் அவருடைய பேரன்.

கேள்வி: எங்கள் அரபிக்கு முன்காலை மடக்கிக் கும்பிடக் கற்றுக்கொடுத்தோம். அழகாகச் செய்தது. இப்போது யார் வந்தாலும் சட்டைப் பையைக் கடிக்கிறது. தானாகவே காலைத் தூக்கி அடிக்கிறது. – வாசகர், ஒயிட்ஃபீல்டு

பதில்: வித்தைக்குப் பரிசாகத் தின்பண்டத்தைக் கொடுத்த இடமும் நேரமும் தப்பாகிவிட்டன. வித்தையை ஒரு மாதம் நிறுத்திவிட்டு, எல்லாவற்றுக்கும் முன்னால் கற்பிக்க வேண்டியதை இப்போது கற்பியுங்கள்: முகத்தை நம்மிடமிருந்து விலக்கி நிற்பது. கேரட்டைக் கட்டைவிரல் கனத்துக்கு நறுக்கி இடுப்புப் பையில் வையுங்கள். வேலிக்கு அப்புறம் நில்லுங்கள். குதிரை பையை மோந்து துழாவட்டும், ஒன்றும் செய்யாதீர்கள். முகத்தை அது நேராக்கும் நொடியில் நாக்கால் ‘டக்’ என்று ஒரு சத்தம்; பிறகு கேரட், உங்கள் கையை நீட்டி, அதன் நெஞ்சுக்கு நேராக. உங்கள் உடம்புக்குப் பக்கத்தில் ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு தடவை. பத்து நாளில் பையைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அதன்பின் குச்சி நுனியில் ஒரு டென்னிஸ் பந்தைச் செருகி மூக்கால் தொடச் சொல்லிக்கொடுங்கள். அரபிகள் பெரும்பாலும் முதல் நாளே பிடித்துக்கொள்ளும். கால் தூக்கும் வித்தைகளைத் தனிச் சைகை இல்லாமல் செய்தால் பண்டம் கிடையாது என்பதில் உறுதியாக இருங்கள். வீட்டிலுள்ள எல்லாரும் இதே விதியைப் பின்பற்ற வேண்டும். ஒருவர் இளகினாலும் அவரிடமிருந்து அது பழையதைக் கற்கும். கும்பிடுவது, தரை மெத்தென்று இருந்தால் மட்டும், ஒரு நாளைக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: முதன்முறையாக 40 கிலோமீட்டர் தாங்குதிறன் ஓட்டத்தில் கலந்துகொள்ள ஆசை. எவ்வளவு நாள் பயிற்சி வேண்டும்? – வாசகி, ஹெப்பால்

பதில்: அரபியின் சொந்த மைதானம் இதுதான். 1955-இல் தொடங்கிய கலிபோர்னியாவின் டெவிஸ் கோப்பை, 24 மணி நேரத்தில் 160 கிலோமீட்டர் மலைப்பாதை. அதில் வென்றவை பெரும்பாலும் அரபிகளும் அரபிக் கலப்புகளும்தான். ஐந்து வயது முடிந்த, தொடர்ந்து ஓட்டப்படும் குதிரைக்கு மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் வாரத்துக்கு மூன்று முறை, எட்டு முதல் பத்து கிலோமீட்டர், பெரும்பாலும் நடை. அடுத்த மாதம் வாரத்தில் ஒரு நீண்ட நாள், 15, பிறகு 20 கிலோமீட்டர். கடைசி மாதம் ஒருமுறை மட்டும் 30. ஒரே வாரத்தில் தூரத்தையும் வேகத்தையும் சேர்த்துக் கூட்டாதீர்கள். இதயமும் நுரையீரலும் இரண்டு மாதத்தில் தயாராகிவிடும், தசைநாணுக்கும் எலும்புக்கும் அதைவிடப் பல மாதம் பிடிக்கும். மூச்சு வாங்காத குதிரையைப் பார்த்து ஏமாந்துபோய்க் காலைக் கெடுப்பது இதனால்தான். தார்ச்சாலையில் நடை மட்டும்.

ஓய்வில் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44. பெரும்பாலான போட்டிகளில் சோதனை இடத்தில் குறித்த நேரத்துக்குள் 64-க்கு இறங்க வேண்டும். இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்து 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். பயிற்சிதோறும் குறித்து வையுங்கள். வந்ததும் கழுத்திலும் நெஞ்சிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். தண்ணீர் குடிக்காத குதிரைக்கு உப்புக் கலவை ஊட்டாதீர்கள், அது உடம்பிலுள்ள நீரைக் குடலுக்கு இழுத்து நிலைமையை மோசமாக்கும்.

கேள்வி: சேணம் கழுத்துப் பக்கம் நழுவிக்கொண்டே போகிறது. பட்டியை இறுக்கினாலும் நிற்கவில்லை. – வாசகர், காக்ஸ் டவுன்

பதில்: அரபிக்குத் தோள்மேடு தாழ்வு, விலா உருண்டை, முதுகு குட்டை. வேறு இனத்துக்குத் தைத்த குறுகிய சேணம் அதில் உட்காராது. இறுக்குவதால் வயிற்றில் புண்தான் வரும். அகன்ற மரம் (உள்சட்டம்) உள்ள சேணம் வேண்டும். அதன் மெத்தை கடைசி விலாவைத் தாண்டக் கூடாது. 40 நிமிடம் ஓட்டிவிட்டுச் சேணத்தைக் கழற்றி வியர்வைத் தடத்தைப் பாருங்கள். சுற்றிலும் நனைந்து நடுவில் உள்ளங்கை அளவு காய்ந்திருந்தால் அங்கே அழுத்துகிறது.

கேள்வி: எங்களிடம் உள்ள இரண்டு அரபிகளையும் சேர்த்துக் குட்டி எடுக்க நினைக்கிறோம். என்ன பார்க்க வேண்டும்? – வாசகர், தேவனஹள்ளி

பதில்: இரண்டின் பிடரி மயிரையும் வேரோடு பிடுங்கி மரபணுச் சோதனைக்கு அனுப்புங்கள். அரபிகளில் மூன்று பரம்பரை நோய்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: நோய் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறந்து ஐந்து மாதத்துக்குள் குட்டி இறக்கும் நோய், சிறுமூளை செல்கள் அழிந்து, ஆறு வாரத்திலிருந்து நான்கு மாதத்துக்குள் தலைநடுக்கமும் தள்ளாட்டமும் தொடங்கும் நோய், எகிப்திய வம்சங்களில் அதிகம் தெரியும், எழுந்து நிற்கவே முடியாத வெளிர்நிறக் குட்டி நோய். நோயின் மரபணுவைச் சுமக்கும் குதிரை பார்வைக்கு முழு ஆரோக்கியமாகவே இருக்கும். ஒரே நோயைச் சுமக்கும் இரண்டைச் சேர்த்தால் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோயுள்ள குட்டிக்கு. ஒன்று சுமந்து மற்றது சுத்தமாக இருந்தால் குட்டிக்கு நோய் வராது, ஆனால் அதுவும் சுமக்கலாம். சோதிக்காமல் சேர்ப்பதை எங்களால் ஏற்க முடியாது.

கேள்வி: எங்கள் வெள்ளைப் பெட்டைக் குதிரைக்கு 26 வயது. என் பிள்ளைகள் மூவரும் அதன் மேல்தான் பழகினார்கள். இப்போது புல்லை மென்று உருண்டையாகத் துப்புகிறது. மெலிந்துவிட்டது. பழைய வித்தைகளை மட்டும் மறக்கவில்லை. கையை உயர்த்தினால் இன்னும் கும்பிடப் பார்க்கிறது. – வாசகி, ஃப்ரேசர் டவுன்

பதில்: துப்புகிற உருண்டை, கடைவாய்ப் பற்கள் தேய்ந்ததன் அடையாளம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் பார்க்க வேண்டும். நீளப் புல்லை நிறுத்திவிட்டு, குதிரைமசாலையும் புல்லையும் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவாக நறுக்கி, அல்லது புல் உருண்டைத் தீவனமாக வாங்கி, மூன்று பங்கு தண்ணீரில் கஞ்சிப் பதம் வரும்வரை ஊறவையுங்கள். நான்கு ஐந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். ஊறாமல் கொடுத்தால் தொண்டையில் அடைக்கும். எடை ஏற, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு 50 மில்லியில் தொடங்கித் தாவர எண்ணெய் சேர்க்கலாம். மாதம் ஒருமுறை நெஞ்சைச் சுற்றி நாடாவால் அளந்து எழுதி வையுங்கள். மயிர் மறைப்பதால் மெலிவது கண்ணுக்குத் தெரியாது.

வெள்ளைக் குதிரை என்பதால் வாலின் அடிப்பக்கத்தைத் தூக்கிப் பாருங்கள். 15 வயது தாண்டிய வெள்ளைகளில் பெரும்பாலானவற்றுக்கு அங்கே கறுப்புக் கட்டிகள் வரும். பல மெதுவாகவே வளரும், ஆனாலும் மருத்துவர் கண்ணில் படட்டும்.

கையை உயர்த்தும் சைகையை இனி யாரும் காட்ட வேண்டாம். கேட்டால் அது செய்துவிடும், முழங்கால் தாங்காது. பிள்ளைகள் வரும்போது, தொட்டியிலிருந்து பத்தடி தள்ளி நின்று பேர் சொல்லிக் கூப்பிடட்டும். நடந்து வந்து உள்ளங்கையை மூக்கால் தொட்டால் போதும், ஊறிய தீவனம் ஒரு பிடி.